ஓலை வாசித்த ஞாயிறு

எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமானால் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர் இப்போதே சொல்லலாம் என்று போதகர் படிப்பார். கையில் இருப்பது வெறும் தாள். பெயர்தான் ஓலை. தடை சொல்லி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. பெண்ணின் பெயர் வரும்போது பின் பெஞ்சில் ஒரு முழங்கை இடிக்கும், ஓர் இருமல் சிரிப்பாக மாறும், அதற்குள் ஓலை முடிந்திருக்கும்.

முடிந்ததும் எல்லோரும் எழுந்துவிடுவோம். அடுத்தது சுவிசேஷ வாசிப்பு. அதை நின்றுதான் கேட்க வேண்டும். மற்ற ஊர்களில் ஓலையை ஆராதனையின் கடைசியில், அறிவிப்புகளோடு சேர்த்து வாசிக்கிறார்கள். எங்களுக்கு மட்டும் நடுவில். ரப்பர் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் பாலுக்கு மரம் வெட்டப் போனவர்கள், பாலை நிறுத்துக் கொடுத்து, கை கழுவி, பாதி ஆராதனைக்குத்தான் வந்து சேர்வார்கள். அவர்கள் காதில் விழாத ஓலை என்ன ஓலை என்று யாரோ அப்போது முடிவு செய்திருக்கிறார்கள். ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்தது. தோட்டத்து லயங்கள் போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் வந்தன. ஓலை இடம் மாறவில்லை. போதகர் தாளை மடிக்கிற சத்தம் கேட்டால் எங்கள் முழங்கால்கள் தாமாக நிமிரும். அதில் மனதுக்கு வேலை இல்லை.

என் தங்கையின் கல்யாண ஓலை அங்கே வாசிக்கப்பட்டதில்லை. வாசிக்கப்படப் போவதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவள் மிஸ்ஸியோடு இருக்கிறாள்.

மிஸ்ஸி என்றால் எங்கள் பக்கத்தில் தாதி. கெர்லிங்கில் பிறந்தவள், இந்துக் குடும்பம், அரசாங்கக் கிளினிக்கில் வேலை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊசி போட வந்த இடத்தில், ஜெபக்கூட்டம் நடத்த வந்திருந்த என் தங்கையைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் அழுகிற பிள்ளைகளைச் சமாதானப்படுத்தும் வேலை. அதில் தொடங்கியது. கோலசிலாங்கூரில், ஆற்றுக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு வீட்டில் வெகு காலமாக வாழ்கிறார்கள். ஒரு சமையலறை, ஒரு சண்டை, ஒரு கொசுவலை.

அந்த வீட்டைப் பற்றிச் சபையில் யாரும் பேசியதில்லை. பேசாமலே பல காரியங்கள் நடக்கும். கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் பிரிக்கும்போது தனியாள்களுக்குச் சின்னப் பொட்டலம், குடும்பங்களுக்குப் பெரிய பொட்டலம். என் தங்கைக்குப் பெரியது போகும். முதன்முதலில் யார் பெரியதை எடுத்து அவள் பெயருக்கு வைத்தார்கள் என்று தெரியாது. யாரும் கேட்கவில்லை, யாரும் விளக்கவில்லை. அந்த மௌனம் எங்களுக்கு ஒரு தாழ்ந்த கூரை. அதன் அடியில் மழை படாது. நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

அவள் நிமிர்ந்தாள்.

அவள் சபை ஊழியர். தஞ்சோங் காராங் தாண்டி, வயலும் தென்னையும் செம்பனையுமாக மாறி மாறி வரும் சாலையில், சுங்கை ஆயர் தாவார் வரைக்கும் போய்ப் பிரசங்கம் செய்வாள், நோயாளிகளைப் பார்ப்பாள், செத்த வீட்டில் முதல் ஆளாக நிற்பாள். ஒன்றுதான் முடியாது. திருவிருந்து கொடுக்க முடியாது. அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் ஆசீர்வதித்து ஒருவர் வாயில் வைக்கக் குருப்பட்டம் வேண்டும். அது போதகருக்கு மட்டும்.

எங்கள் சபை மூப்பரின் மனைவி சாகக் கிடந்தபோது திருவிருந்து கேட்டார். போதகர் வேறொரு அடக்கத்துக்குப் போய்ச் சபாக் பக்கம் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார். என் தங்கை கட்டிலருகே உட்கார்ந்து அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, வருவாங்க, வருவாங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போதகர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"ரொட்டி இருந்துச்சு அண்ணே. ரசம் இருந்துச்சு. என் கையும் அங்கதான் இருந்துச்சு," என்றாள் என்னிடம். அதற்குப் பிறகுதான் குருப்பட்டத்துக்கு விண்ணப்பம் போட்டாள். எங்கள் திருச்சபையில் பெண்களுக்குப் பட்டம் கொடுப்பது புதிதல்ல. படிப்பு இருந்தது, அனுபவம் இருந்தது. நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"ஏன்மா நீங்க கல்யாணம் பண்ணிக்கல?" என்று குழுவில் ஒருவர், கோப்பியில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, சும்மா பேச்சுக்குக் கேட்டிருக்கிறார்.

ஊழியம்தான் என் கல்யாணம் என்று சொல்லியிருக்கலாம். பலர் சொல்லித் தப்பியிருக்கிறார்கள். இவள், "நான் குடும்பமாத்தான் இருக்கேன் ஐயா. என்கூட இருக்கிறவங்க ஒரு பொண்ணு," என்று சொல்லிவிட்டாள்.

பிஸ்கட் கோப்பிக்குள் விழுந்துவிட்டதாம். வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தாள். மிஸ்ஸி சிரிக்கவில்லை. வெங்காயம் நறுக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உங்க தங்கச்சிக்குப் பட்டம் வேணும், எனக்குப் பென்ஷன் வேணும். சட்டம்னு ஒண்ணு இருக்குது இந்த நாட்டுல. ரெண்டும் ஒரே வீட்டுல எப்படிலா?"

"பொய் சொல்லிப் பட்டம் வாங்கச் சொல்றியா?" என்றாள் தங்கை.

"வாய மூடிக்கிட்டு வாங்கச் சொல்றேன். அதுக்குப் பேரு பொய்யா?"

கத்தி மறுபடி பலகையில் இறங்கியது. அவர்களுக்கு இடையில் அது பழைய கேள்வி. எனக்குத்தான் புதிது.

குழு கேட்டதைக் குழுவோடு வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டுத் திருச்சபைப் பேரவையில் அது தீர்மானமாக வந்தது: தன்பாலினத்தாரைக் குருக்களாக ஏற்பதா, கூடாதா. என் தங்கையின் பெயர் தீர்மானத்தில் இல்லை. மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிள்ளானில் ஒரு பெரிய சபையின் மண்டபம். குளிர்சாதனம் பற்களைத் தந்தியடிக்க வைத்தது. நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, பேச எழும் ஒவ்வொரு முதுகையும் பார்த்தேன். முதுகுகளை வைத்தே சொல்லிவிடலாம். ஆதரித்துப் பேசப் போகிறவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுவான். எதிர்க்கப் போகிறவன் வேதாகமத்தோடு எழுவான்.

வெளிநாட்டுச் சபைகள் விழுந்த குழியில் நாமும் விழ வேண்டுமா என்றார் ஒருவர். நம் சபைச் சங்கத்தின் பதிவை அரசாங்கம் ரத்து செய்துவிட்டால் யார் பதில் சொல்வது என்றார் இன்னொருவர். ஓர் இளம் போதகர், பாதி ஆங்கிலத்தில், இயேசு யாரை விரட்டினார் என்று காட்டுங்கள் என்று கேட்டார். கோவிலில் வியாபாரிகளை விரட்டினார் என்று பின்னாலிருந்து பதில் வந்தது. மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஒரு வயதான போதகர் மெதுவாக எழுந்து, "எனக்கு இதுக்கு முன்னால இப்படிப்பட்டவங்க யாரையும் தெரியாதுன்னுதான் நெனச்சேன். இப்ப யோசிச்சுப் பாத்தா, எனக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தவர் அப்படித்தான் இருந்திருப்பார்னு தோணுது. அவரை நான் என்ன செய்யணும்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.  நடவடிக்கைக் குறிப்பில் அந்தக் கேள்வி ஏறவில்லை.

மாலை வரை இழுத்தும் முடிவு வரவில்லை. பேருந்துகள் வெளியே காத்திருந்தன. கடைசியில் ஒரு சமரசம்: இப்போதைக்குப் பொது விதி வேண்டாம். விண்ணப்பித்தவர் எந்தச் சபையைச் சேர்ந்தவரோ அந்தச் சபையில் அறிவிப்பை வாசிப்பது. தடை யாரும் சொல்லாவிட்டால் பட்டம். ஒருவர் தடை சொன்னாலும் விசாரணை முடியும்வரை நிறுத்தம். ஒருவர் போதும்.

தங்கைக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. "நம்ம ஆளுங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க அண்ணே. அவங்களுக்குச் சொல்லவே தெரியாது," என்றாள். அவள் நம்பியது சபையின் அன்பை அல்ல. சபையின் வாயை. அது திறக்காது என்பதை.

ஆனால் மூப்பர் திறந்தார். அறிவிப்புக்கு முந்தின வாரம், ஆராதனைக்குப் பிறகு, போதகர் எல்லோரையும் உட்காரச் சொல்லி விஷயத்தை விளக்கினார். மூப்பர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி வைத்திருப்பவர். நின்று பேசினால் லோரி இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

"இந்தப் பிள்ளை என் வீட்டுக்காரி கையைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்ததை நான் மறக்கல. என் உயிர் போனாலும் மறக்க மாட்டேன். ஆனா பீடம் வேற. வேதத்துல எழுதியிருக்கு. நான் எழுதல."

மாதர் சங்கத் தலைவி உட்கார்ந்தபடியே கேட்டார்: "பொம்பளை சபையில பேசக் கூடாதுன்னும் அதுலதான் எழுதியிருக்கு. போன வருசம் நிதி திரட்ட என்னைத்தானே பேசச் சொன்னீங்க?"

"அது வேற, இது வேற."

"உங்களுக்கு எது வேணுமோ அது வேற."

சிலர் சிரித்தார்கள். மூப்பர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ படிச்சவன். ரவாங்ல ஆபீஸ்ல இருக்க. நீயே சொல்லு. நாளைக்கு என் பேத்தி, பீடத்துல நிக்கிற ஐயரம்மாவே அப்படி இருக்காங்களேன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"அவங்க அப்படித்தான் இருக்காங்கன்னு சொல்லுங்க மாமா."

"உனக்கு அண்ணன்காரன் வாய். வேற என்ன வரும்?"

 விண்ணப்பதாரர் பேசக் கூடாது என்று போதகர் முன்பே சொல்லியிருந்தார். தங்கை பாட்டுப் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். கூட்டம் முடிந்து எல்லோரும் போனதும், மூப்பர் வாசலில் அவளிடம், "புதன்கிழமை வீட்டுல ஜெபம் இருக்குல்ல, வந்துரும்மா," என்றார். அவள் போனாள். ஜெபம் செய்தாள். 

மூப்பர் பேசியது பேச்சு. அறிவிப்பு நாளில் எழுந்து தடை சொல்வாரா என்பதுதான் மிச்சம். அந்த வாரம் முழுக்க எனக்கு அதுவே. லிஃப்டில், உணவுக்கடை வரிசையில், சிவப்பு விளக்கில், அவர் எழுவார், எழமாட்டார், எழுவார். யாரிடமாவது சொல்லிப் பார்க்கலாம் என்றால் அலுவலகத்தில் என் நண்பர்கள் எல்லோரும் இந்துக்கள். ஒருவன் கேட்டுவிட்டு, "எங்க கோயில்ல பூசாரி வீட்டுல யார் இருக்கான்னு கமிட்டி வெச்சா கேக்குறோம்? பூசை நேரத்துக்கு வந்தா போதும்லா," என்றான். அது ஆறுதலா கிண்டலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிறு காலை மழை. பெர்ஜுந்தை வழியாக வந்தேன். சாலையின் இரு புறமும் செம்பனை கறுத்து நின்றது. வைப்பர் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அதே மரங்கள். சபை வாசலில் மிஸ்ஸி குடையோடு நின்றிருந்தாள். அவள் உறுப்பினர் அல்ல. ஆனால் ஞாயிறுகளில் வந்து கடைசி பெஞ்சில், மின்விசிறிக்குக் கீழே உட்காருவாள். அன்றைக்கு உள்ளே போகத் தயங்கினாள்.

"நான் கார்லயே இருக்கேன் அண்ணே. என்னையப் பாத்தா யாருக்காச்சும் ஞாபகம் வந்துரும்."

"மறந்தாதான் ஞாபகம் வரணும். வா."

வந்தாள். கடைசி பெஞ்சில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள், பேருந்து நிலையத்தில் உட்காருவதுபோல.

தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய ஐயா வந்திருந்தார். மற்றப் போதகர்களை மேற்பார்வை செய்பவர். பெட்டாலிங் ஜெயாவின் ஆங்கில சபையில் வளர்ந்த தமிழர். பிழையில்லாத, கவனமான தமிழ் பேசினார். கெட்டவர் இல்லை. ஆராதனைக்கு முன் எங்கள் போதகரிடம், "அறிவிப்பைக் கடைசியில் வாசித்துவிட்டு ஓடிப் போவது போல இருக்கக் கூடாது. உங்கள் சபையில் இப்படிப்பட்டதை எங்கே வாசிப்பீர்கள்?" என்று கேட்டார்.

"ஓலை மாதிரிதானே ஐயா. சுவிசேஷத்துக்கு முன்னால."

"அப்படியே செய்வோம். உங்கள் வழக்கம் எதுவோ அதுவே."

மரியாதையாகத்தான் சொன்னார். போதகரும் தலையாட்டினார். அறிவிப்பின் வாசகம் தலைமை அலுவலகம் புதிதாக எழுதியது, பெரிய ஐயாவின் கோப்புக்குள் இருந்தது. எங்களில் யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

சபைக்கு முன்னால் தங்கைக்குத் தனி நாற்காலி போட்டிருந்தார்கள், பீடத்தைப் பார்த்தபடி. சபைக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. வெள்ளைப் புடவை, இறுக்கி முடிந்த கொண்டை, அதன் கீழே பின்கழுத்து. சின்ன வயதில் அந்தக் கழுத்தில் பவுடர் அப்பிக்கொண்டு பள்ளிக்கு வருவாள். இப்போது அங்கே ஒரு நரம்பு துடிப்பது எனக்கு மூன்றாவது பெஞ்சிலிருந்து தெரிந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா. பாட்டு முடிந்தது. முதல் வாசிப்பு முடிந்தது. பெரிய ஐயா நடந்து வந்து தாளைப் பிரித்தார்.

அவள் பெயரை முழுமையாக வாசித்தார், அப்பாவின் பெயரோடு. இவரைக் குருத்துவப் பணிக்கு அழைப்பதற்குத் தடை ஏதும் அறிந்து, அதைச் சபையின் முன் வைக்க விரும்புகிறவர், இப்போது எழுந்து நிற்கட்டும்.

தாளை மடித்தார்.

நாங்கள் எழுந்தோம்.

எல்லோரும். பெஞ்சுகள் ஒரே குரலில் கிறீச்சிட்டன, செருப்புகள் தரையைத் தேய்த்தன, புடவைகள் சரசரத்தன. மாதர் சங்கத் தலைவி எழுந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. பாட்டுக்குழு எழுந்தது. நான் எழுந்துவிட்டேன். கடைசி பெஞ்சில் மிஸ்ஸி எழுந்திருந்தாள். எத்தனையோ ஞாயிறுகள் எழுந்த எழுச்சி. உடம்பு போய்விட்டது, புத்தி பின்னால் ஓடி வந்தது. ஓடி வந்து சேர்ந்த கணத்தில் ஒவ்வொரு முகமாக வெளிறுவதைப் பார்த்தேன்.

அதைவிட ஒன்று பார்த்தேன். முன் நாற்காலியில் தங்கையும் எழுந்து நின்றிருந்தாள்.

பெரிய ஐயா அவளைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். "நீங்களுமா?" என்று கேட்டார். ஒலிபெருக்கி அதை எல்லோருக்கும் கேட்க வைத்தது.

எங்கோ ஒரு பெண் பாதிச் சிரிப்பில் மூக்கை உறிஞ்சினாள். போதகர் வேகமாக வந்து அவர் காதில் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகம் தளர்ந்தது. "புரிகிறது," என்றார். "இது சுவிசேஷத்துக்கு எழும் வழக்கம். தடை அல்ல. தயவுசெய்து எல்லோரும் அமருங்கள். நான் திரும்ப வாசிக்கிறேன்."

அங்கே அது முடிந்திருக்கும். வெட்கத்தோடு உட்கார்ந்திருப்போம். இரண்டாவது முறை ஒருவரும் அசைந்திருக்கமாட்டார்கள், எங்கள் பழைய மௌனம் தன் வேலையைச் செய்திருக்கும். முழங்கால்கள் பாதி மடங்கின.

"நில்லுங்க," என்றார் மூப்பர்.

அவர் பீடத்துக்கு அருகே, மூப்பர்களின் இருக்கையில் நின்றிருந்தார். "நானும் பழக்கத்துலதான் எழுந்தேன். பொய் சொல்லல. ஆனா எழுந்துட்டேன். இனி நான் உக்காந்தா அதுக்கு அர்த்தம் வேற ஆயிடும், ஐயா. நான் உக்கார மாட்டேன்."

 அவர் சொன்னது உண்மை. ஒரு நொடிக்கு முன் உட்காருவது என்றால் உட்காருவது. இப்போது அது வாக்கு. நிற்பதும் வாக்கு. ஒன்றும் சொல்லாமல் இருக்க அந்தக் கட்டடத்தில் இடமே இல்லாமல் போய்விட்டது. கூரை பெயர்ந்துவிட்டது, எல்லோரும் வெட்டவெளியில் நின்றோம்.

பெரிய ஐயா சொன்னார்: "அப்படியானால் தடை இல்லாதவர்கள் அமரலாம்."

நான் உட்கார்ந்தேன்.  "அண்ணன்காரன் உக்காராம வேற யாரு உக்காருவா," என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். மாதர் சங்கத் தலைவி, "இதுல என்னா இருக்கு, எனக்கு முட்டி வலி," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் பக்கத்தில் நின்ற கணவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்வையைத் தவிர்த்துப் பாட்டுப் பலகையைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். இப்படி இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பெஞ்சுகள் முனகின. ஒவ்வொரு முனகலும் தனித்தனியாகக் கேட்டது. ஒரு குடும்பத்தில் அம்மா உட்கார, அப்பா நிற்க, நடுவில் மகள் இருவரையும் பார்த்துக்கொண்டு பாதி குனிந்து நின்றாள். நாற்காலியும் இல்லை, தரையும் இல்லை.

கடைசியில் உட்கார்ந்தவர்களே அதிகம். நின்றவர்கள் கொஞ்சம். அவர்களில் என் தங்கைக்கு ஞானஸ்நான வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுத்த ஓர் அம்மாளும் இருந்தார். அழுதுகொண்டே நின்றார். கடைசி பெஞ்சில் மிஸ்ஸியும் நின்றாள். உறுப்பினர் அல்லாதவள் உட்கார்ந்தால் அதற்குக் கணக்குண்டா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓட்டுப்போட உரிமை இல்லாத இடத்தில் எப்படி உட்காருவது என்று நின்றிருந்தாள்.

தங்கை திரும்பினாள். திரும்பக் கூடாது என்பது முறை. திரும்பி, உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டி, நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், கணக்கெடுப்பதுபோல் அல்ல, வீட்டுக்கு வந்தவர்களை வாசலில் பார்ப்பதுபோல. பார்வை கடைசி பெஞ்சை எட்டியபோது, "நீ உக்காரு," என்றாள். சாதாரணக் குரல். சமையலறைக் குரல். அந்த ஒரு சொல்லில் நாங்கள் எல்லோரும் அவர்கள் வீட்டுக்குள் நின்றோம். மிஸ்ஸி உட்கார்ந்தாள்.

"தடை பதிவாகிறது," என்றார் பெரிய ஐயா.  "விதிப்படி, விசாரணை முடியும்வரை பட்டமளிப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது." பிறகு போதகரிடம் மெதுவாக, "சுவிசேஷத்தை வேறு யாராவது வாசிக்கட்டுமே," என்றார்.

அன்றைக்கு வாசிப்பு என் தங்கையின் முறை. போதகர் பயந்த மனிதர். பேரவையிலும் வாய் திறக்காதவர். "இல்லைங்க ஐயா," என்றார். "அவங்கதான் வாசிப்பாங்க. பட்டம்தான் நின்னுச்சு. ஊழியம் நிக்கல."

அவள் புத்தகத்தைத் திறந்தாள். நாங்கள் எழுந்தோம், இந்த முறை மெதுவாக, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு. எந்தப் பகுதி வாசித்தாள் என்று இப்போது நினைவில்லை. கேட்டிருந்தால்தானே. மூப்பர் வெளியேறிவிடுவார் என்று எதிர்பார்த்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியேறவில்லை. தலையைக் குனிந்து, கைகளைக் கட்டி, அவள் குரலை முழுவதும் கேட்டார்.

ஆராதனை முடிந்து, கொட்டகைக்குக் கீழே கோப்பி. மழை விட்டிருந்தது. நின்றவர்கள் ஒரு பக்கம், உட்கார்ந்தவர்கள் ஒரு பக்கம், தட்டில் இருந்த கறிபாப் பலகாரம் தொடப்படாமல். பெரிய ஐயா சீக்கிரமே புறப்பட்டுவிட்டார். மிஸ்ஸி காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

மூப்பர் தங்கையிடம் வந்தார். "புதன்கிழமை என் வீட்டுக்காரியோட நினைவு நாள்," என்றார். "வீட்டுல ஜெபம். நீதான் வந்து நடத்தணும்."

என் காதில் விழுந்தது சரிதானா என்று எனக்குச் சந்தேகம். தங்கைக்கு இல்லை. அவளுக்கு அவரைத் தெரியும்.

"வர்றேன் மாமா. ரெண்டு பேரும் வர்றோம்."

"மிஸ்ஸி எப்பயும் உன்கூடத்தானே வருது. வெளிய கார்ல இருக்கும்."

"இந்தத் தடவை உள்ள வருவா. என் பக்கத்துல உக்காருவா. நீங்க கூப்பிடணும். எங்க ரெண்டு பேரையும் சேத்துக் கூப்பிடணும்."

"அதை என்னாத்துக்கு இப்ப..."

"இன்னிக்கு எல்லாரும் பாக்க நின்னீங்கல்ல மாமா. நான் கோவப்படல. உங்க மனசுல இருக்கறதச் சொன்னீங்க. அதே மாதிரி எல்லாரும் பாக்கக் கூப்பிடுங்க."

 மூப்பர் காரைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் மிஸ்ஸி இதையெல்லாம் அறியாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உதடு அசைந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கன்னத்தில் ஈ உட்கார்ந்ததுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முடியலம்மா," என்றார்.

"அப்ப போதகரைக் கூப்பிட்டுக்குங்க மாமா."

அவளுக்கும் அது சுலபமாக வரவில்லை. அந்த அம்மாள் இறந்ததிலிருந்து ஒவ்வொரு நினைவு நாளையும் நடத்தியவள் அவள். சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தாள். கதவை மூடியபோது பாதிப் புடவை வெளியே மாட்டிக்கொண்டது. திறந்து, இழுத்து, மறுபடி மூடினாள்.

மூப்பரின் லோரி வாசலை மறித்து நின்றது. தோட்டத்தில் விட்டால் பேட்டரியைத் திருடிவிடுகிறார்கள் என்று ஞாயிறுகளில் அதில்தான் வருவார். அவர் ஏறி, லோரியை ஓரம் கட்டி, இறங்கினார். வழி இன்னும் குறுகல்தான். ஒரு பக்கம் சாக்கடை, மழைத் தண்ணீர் முட்டி நின்றது. மிஸ்ஸி காரைப் பின்னால் எடுக்கத் தடுமாறினாள்.

அவர் காருக்குப் பின்னால் போய் நின்று கையைத் தூக்கினார். "ஸ்டியரிங்கை ஒடி. இன்னும் ஒடி. வா. வா." லோரிக்காரக் குரல். சக்கரம் சாக்கடை விளிம்பைத் தொட்டபோது உள்ளங்கையை விரித்து நிறுத்தினார். மறுபடி மெல்ல அசைத்தார். மிஸ்ஸி கண்ணாடியில் அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கார் வெளியேறி, சாலையில் திரும்பி, செம்பனைக்குள் மறையும்வரை அந்தக் கை இறங்கவில்லை.